உறைந்த தேனுக்கு யாரிடம் கேட்பது? மார்த்தாண்டம் வட்டாரச் சிறு தொழில் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் செல்லும் சாலையை ஒட்டிய ஊர் ஒன்றில், கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு சிறிய தேன் அலகை நடத்தி வருகிறார்கள். சுற்றுவட்டாரத் தேனீ வளர்ப்போரிடமிருந்து தேனைக் கொள்முதல் செய்து, வடிகட்டி, புட்டிகளில் அடைத்து, நாகர்கோவில், தக்கலைக் கடைகளுக்கும், கூரியர் வழியாகச் சென்னை, கோவை வாடிக்கையாளர்களுக்கும் அனுப்புவது அவர்கள் தொழில். ஒரு பருவத்தில் அனுப்பிய தேனில் கணிசமான பகுதி, விற்ற சில மாதங்களுக்குள் புட்டியிலேயே உறைந்துபோய், "சீனிப்பாகு கலந்திருக்கிறது" என்ற குற்றச்சாட்டோடு திரும்பி வரத் தொடங்கியது. பல துறை அறிந்தவர்களின் கருத்தைத் திரட்டி அந்தச் சிக்கலை அவர்கள் எதிர்கொண்ட விதம், ஆலோசகரை அமர்த்தும் வசதியில்லாத பிற சிறு தொழில்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே விரிவாகப் பதிவு செய்யப்படுகிறது. அலகின் பெயரும் பங்கேற்றோரின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

மார்த்தாண்டம் வட்டாரத்தில் பெட்டித் தேனீ வளர்ப்பு வேர்பிடித்தது 1920களில். ஒய்.எம்.சி.ஏ. சார்பில் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் அங்கே நடத்திய ஊரகப் புனரமைப்பு மையம், விவசாயக் குடும்பங்களுக்கு இதைத் துணைத்தொழிலாகக் கற்றுக்கொடுத்தது. 1991-92இல் தென்னிந்தியாவைத் தாக்கிய தாய்லாந்து சாக்புரூட் (தேனீப் புழுக்களைக் கொல்லும்) வைரஸ் நோயில் இந்தியத் தேனீக் கூட்டங்கள் பெருமளவில் அழிந்தபோதும், எஞ்சியவற்றைப் பெருக்கித் தொழில் மீண்டது. இன்று மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

இவ்வட்டாரத் தேனின் பெரும்பகுதி ரப்பர் தோட்டங்களிலிருந்து வருவது. ரப்பர் மரத்தில் தேனீக்கு மதுரம் தருவது முதன்மையாகப் பூ அன்று. இலைக்காம்பின் நுனியில், மூன்று சிற்றிலைகளும் சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகளே. மார்கழி, தை மாதங்களில் இலையுதிர்ந்து புதுத்தளிர் விடும்போது அவை சுரக்கத் தொடங்கும். அப்போது தொடங்கும் தேன் பருவம் பங்குனி வரை நீளும். ரப்பர் தேன் விரைவில் உறையும் இயல்புடையது. குளுக்கோஸ் அளவு கூடுதலாக உள்ள எந்தத் தேனும் அப்படித்தான் உறையும். அது கலப்படத்தின் அடையாளம் ஆகாது.

இதைத் தேனீ வளர்ப்போர் அனைவரும் அறிவர்; வாங்குவோர் அறிவதில்லை. போதாக்குறைக்கு, டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், சோதித்த 13 பிராண்டுகளில் 3 மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறின என்ற செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அதற்குப் பிறகு தேன் வாங்குவோர் ஐயத்தோடுதான் புட்டியைத் திறக்கிறார்கள். அந்த ஐயத்தின் விலையைக் கலப்படம் செய்தவர்களைக் காட்டிலும் செய்யாத சிறு அலகுகளே அதிகம் கொடுத்தன என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பெரிய நிறுவனம் விளம்பரத்தால் பதில் சொல்லிவிடும், சிறு அலகுக்குத் திரும்பி வந்த புட்டிதான் மிஞ்சும்.

முதல் முயற்சி: எல்லாரிடமும் கேட்டது

புகார்கள் வரத் தொடங்கியதும், உரிமையாளர் உறைந்த புட்டி ஒன்றைப் படமெடுத்து, தாம் உறுப்பினராக இருந்த வாட்ஸ்அப் குழுக்களிலெல்லாம் "எங்கள் தேன் நல்லதா, கெட்டதா? என்ன செய்யலாம்?" என்று கேட்டார். ஒரே மாலையில் பதில்கள் குவிந்தன. தீக்குச்சியைத் தேனில் தொட்டுப் பற்றவைத்துப் பார்க்கச் சொன்னவர்கள், தண்ணீரில் சொட்டுவிட்டுப் பார்க்கச் சொன்னவர்கள், நாய் நக்குகிறதா என்று பார்க்கச் சொன்னவர்கள், சுடவைத்தால் சரியாகும் என்றவர்கள், சுடவைத்தால் நஞ்சாகும் என்றவர்கள் எனப் பலரும் பேசினார்கள். முதலில் ஒருவர் "இது கலப்படம்தான்" என்று உறுதியாக எழுதிவிட்டதால், அடுத்து வந்தவர்களில் பலர் அதையே வழிமொழிந்தனர். உரிமையாளருக்குக் கிடைத்த ஒரே விளைவு, அதுவரை விஷயம் தெரியாதிருந்த இரண்டு கடைக்காரர்கள் சரக்கை நிறுத்திவைத்ததுதான்.

பலரிடம் கருத்துக் கேட்பதே வீண் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது எளிது, ஆனால் தவறு. ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1907இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதிய குறிப்பு இங்கே பொருந்தும். முந்தைய ஆண்டு இங்கிலாந்தின் பிளிமத் நகரக் கால்நடைக் கண்காட்சியில், ஒரு காளையை அறுத்துச் சுத்தம் செய்தபின் இறைச்சியின் எடை எவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கும் போட்டி நடந்தது. செல்லத்தக்க 787 சீட்டுகளையும் வரிசைப்படுத்தியபோது நடுவில் நின்ற மதிப்பு 1207 பவுண்டு. உண்மை எடை 1198. இதைச் சொல்லும்போது பலரும் விட்டுவிடும் மூன்று செய்திகள் அந்த நிகழ்விலேயே இருக்கின்றன. எல்லாருக்கும் கேள்வி ஒன்றே, அதுவும் எண்ணில் பதில் சொல்லக்கூடிய குறுகிய கேள்வி. ஒவ்வொருவரும் அடுத்தவர் எழுதியதைப் பார்க்காமல் தம் சீட்டில் எழுதினர். சீட்டுக்கு ஆறு பென்ஸ் கட்டணம் இருந்ததால் விளையாட்டாக எழுதுவோர் ஒதுங்கினர். வாட்ஸ்அப் குழுவில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

இரண்டாம் முயற்சி: கேள்வியைச் சுருக்கியது

கணவரின் உறவினரான கல்லூரி ஆசிரியர் ஒருவரின் யோசனைப்படி அடுத்த சுற்று வேறு விதமாக அமைந்தது. முதலில், "நல்லதா கெட்டதா" என்ற கேள்வி கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக, இந்தப் புட்டியில் நீங்கள் காண்பது என்ன, அது எந்தக் கட்டத்தில் நேர்ந்திருக்கும், எங்கள் வேலையில் ஒன்றை மட்டும் மாற்றலாம் என்றால் எதை மாற்றச் சொல்வீர்கள் என்ற மூன்று கேள்விகள் எழுதப்பட்டன.

அடுத்து, ஒரே தொகுப்பைச் சேர்ந்த தேன், எண் மட்டும் ஒட்டிய சிறு புட்டிகளில் பிரிக்கப்பட்டது. உடன் ஒரு பக்கத் தாள் வைக்கப்பட்டது. தேன் எடுத்த நாள், எந்த வகைத் தோட்டம், அந்த வாரத்து வானிலை, எத்தனை நாள் எந்தக் கலனில் இருந்தது, வடிகட்டிய முறை, புட்டியின் வகை ஆகியவை அதில் இருந்தன. விலை, வாங்கிய இடத்தின் பெயர், புகாரின் வாசகம் ஆகிய மூன்றும் வேண்டுமென்றே சேர்க்கப்படவில்லை. முதலிரண்டும் தொழில் ரகசியம். மூன்றாவது, பார்ப்பவரின் மனத்தில் முன்கூட்டியே ஒரு விடையை விதைத்துவிடும்.

சிறு தொழில் செய்வோர் தயங்குவது இந்தத் தாளில்தான். மாதிரியைக் கொடுப்பார்கள், விவரத்தைக் கொடுக்கமாட்டார்கள். ஆனால் விவரமில்லாத மாதிரியை வைத்து எந்த நிபுணரும் பொதுவான பதிலைத்தான் சொல்ல முடியும். கனடாவின் கோல்ட்கார்ப் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தன் ரெட் லேக் சுரங்கத்தின் நிலவியல் தரவுகளை இணையத்தில் வெளியிட்டு, எங்கே தோண்டினால் தங்கம் கிடைக்கும் என்று கேட்டு 5,75,000 டாலர் பரிசு அறிவித்தது. சுரங்கத் துறையில் பூட்டிவைக்கப்படும் தரவுகளை அது திறந்து வைத்ததால்தான் புறத்தே இருந்தவர்களால் இடங்களைக் குறித்துக் கொடுக்க முடிந்தது. பரிசுத் தொகையை மட்டும் பார்த்து, இது பெரிய நிறுவனங்களின் வேலை என்று ஒதுக்குவது சரியன்று. பயன் தந்தது தரவு.

ஒன்பது பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அருமனைப் பக்கத்திலும் பேச்சிப்பாறைப் பக்கத்திலும் நெடுங்காலமாகப் பெட்டி வைத்திருக்கும் இரு தேனீ வளர்ப்போர், உணவுத் தொழில்நுட்பம் கற்பிக்கும் ஆசிரியை, பரிசோதனைக்கூடத்தில் பணிபுரிபவர், ஏற்றுமதி நிறுவனமொன்றில் தரம் பார்த்து ஓய்வுபெற்றவர், சித்த மருத்துவர், வடசேரியில் மளிகைக்கடை வைத்திருப்பவர், புட்டி மொத்த வியாபாரி, புகார் செய்த கோவை வாடிக்கையாளர் ஒருவர். கடைசியாகச் சொன்னவரைச் சேர்த்ததுதான் துணிச்சலான முடிவு. அவர் நிபுணர் அல்லர் என்று வீட்டிலேயே எதிர்ப்பு இருந்தது. ஆனால் வாங்கிய புட்டியைச் சமையலறையில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதில் அவரை விட அறிந்தவர் யாரும் இல்லை. பரிசோதனைக்கூடத்தவருக்கு அவர் கேட்ட கட்டணமும், தேனீ வளர்ப்போருக்கு ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும், மற்றவர்களுக்குத் தேனும் வழங்கப்பட்டன. இலவசமாகக் கேட்டால் இலவசத்துக்குரிய கவனமே கிடைக்கும் என்று உரிமையாளர் சொன்னது சரியான கணிப்பு.

பதில்கள் அவரவர் எண்ணிலிருந்து தனித்தனியே குரல்பதிவாகவோ எழுத்தாகவோ பெறப்பட்டன. பிறகு பெயர்களை நீக்கி ஒரே தாளில் தொகுத்து, மற்றவர்கள் சொன்னதைப் படித்தபின் உங்கள் கருத்தில் மாற்றம் உண்டா என்று கேட்டு ஒன்பது பேருக்கும் மீண்டும் அனுப்பப்பட்டது. 1950களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் நார்மன் டால்கி, ஓலாஃப் ஹெல்மர் ஆகியோர் உருவாக்கிய டெல்ஃபி முறையின் எளிய வடிவம் இது. பெயர் தெரியாதபோது பேராசிரியரின் கருத்தை மளிகைக்கடைக்காரர் தயங்காமல் மறுக்கிறார். அதுவே இதன் பயன்.

பதில்கள் காட்டியவை

உரிமையாளர் ஒரே சிக்கலாக எண்ணியிருந்தது இரண்டு என்பது முதல் சுற்றிலேயே தெரிந்தது. திரும்பி வந்த புட்டிகளில் பெரும்பாலானவை சீராக, அடி முதல் மேல் வரை நெய்போல உறைந்திருந்தன. சிலவற்றில் மட்டும் அடியில் பரல்பரலாக உறைந்து, மேலே நீர்த்த ஒரு படலமும் அதன்மேல் மெல்லிய நுரையும் இருந்தன. உணவுத் தொழில்நுட்ப ஆசிரியை மூடியைத் திறந்ததும் வந்த புளித்த வாடையைக் குறித்திருந்தார். முதல் வகை குறையே அன்று. இரண்டாம் வகை உண்மையான குறை. இரண்டையும் சேர்த்து வாடிக்கையாளர்கள் 'சீனிப்பாகு' என்று சொன்னதால், உரிமையாளரும் இரண்டையும் சேர்த்தே மறுத்துக்கொண்டிருந்தார்.

புளிப்புக்குக் காரணம் ஈரம். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தேனில் ஈரப்பதம் 20 விழுக்காட்டை மீறக்கூடாது. அந்த எல்லையைக் கடந்த தேனில், இனிப்பைத் தாங்கும் ஈஸ்ட் வகைகள் பெருகி நொதிக்கத் தொடங்கும். தேன் உறையும்போது குளுக்கோஸ் பரல்களாகப் பிரிவதால், மீந்த திரவத்தில் நீரின் பங்கு கூடுகிறது; எனவே எல்லையை ஒட்டி நிற்கும் தேன், உறைந்த பிறகு மேல்படலத்தில் புளிக்கும். அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அருமனைப் பெரியவர் தாளில் இருந்த தேதியை மட்டும் பார்த்து விடை சொன்னார். அவர் அனுப்பிய குரல்பதிவு இது: "மக்களே, இது எடுத்த வாரம் கோடை மழ பெஞ்சுதுல்லா? அறை மூடுறதுக்கு முன்னே அடைய எடுத்துச் சுத்திருக்காங்க. ஈச்ச (தேனீ) மெழுகு வச்சு மூடாத தேன்ல தண்ணி நிக்கத்தான் செய்யும். இதுக்கு நீ பேடிக்காண்டாம் (பயப்பட வேண்டாம்), எடுத்தவன்ட்ட கேளு." அடையின் அறைகளில் குறைந்தது முக்கால் பங்கு மெழுகால் மூடப்பட்ட பிறகே தேன் எடுக்க வேண்டும் என்பது எல்லாப் பயிற்சியிலும் சொல்லப்படுவதுதான். வானிலையையும் தேதியையும் சேர்த்துப் படித்து, அது மீறப்பட்ட நாளைச் சுட்டிக்காட்டியது அவருடைய அனுபவம்.

முதல் வகைக்கு, அதாவது குறையற்ற உறைதலுக்கு, மிகப் பயனுள்ள பதில் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. வடசேரி அண்ணாச்சி தேனின் தரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர்கள் தேன் புட்டியைக் கையில் எடுத்ததும் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே இருக்கும் காற்றுக்குமிழ் மேலேறும் வேகத்தைப் பார்க்கிறார்கள் என்றும், குமிழ் மெதுவாக ஏறினால் கெட்டித் தேன் என்று மகிழ்ந்து வாங்குகிறார்கள் என்றும், குமிழ் அசையவே இல்லையென்றால் சீனி என்று முடிவு செய்து வைத்துவிடுகிறார்கள் என்றும் அவர் சொன்னார். கூடவே, "குறுகின வாய்ப் புட்டியில் உறைஞ்சா வாடிக்கையாளர் எதால எடுப்பார்?" என்று ஒரு கேள்வியும் கேட்டிருந்தார். கோவை வாடிக்கையாளரின் பதில் இதனுடன் பொருந்திப்போனது. கரண்டிக்காம்பால் குத்தி எடுக்க முயன்று, முடியாமல், புட்டியைக் கொதிநீரில் வைத்து, அது நெளிந்துபோனதை அவர் எழுதியிருந்தார். புகாரின் பாதி வேர் புட்டியின் வாயில் இருந்தது என்பது பரிசோதனைக்கூடத்தில் ஒருபோதும் தெரியவந்திராது.

சூடாக்கும் கேள்வியில் இரண்டு சுற்றுக்குப் பிறகும் உடன்பாடு வரவில்லை. தேனீ வளர்ப்போர் இருவரும் முற்றத்து வெயிலே போதும் என்றனர். சித்த மருத்துவர் எந்தச் சூடும் கூடாது என்றார். ஓய்வுபெற்ற தரப் பரிசோதகர், சூடு கூடக்கூட ஹெச்.எம்.எஃப். என்ற சேர்மம் பெருகும், இந்திய விதியில் அதற்குக் கிலோவுக்கு 80 மில்லிகிராம் என்ற உச்சவரம்பு உண்டு, நாள்முழுக்க வெயிலில் வைப்பதும் அதில் அடங்கும் என்று எச்சரித்தார். பரிசோதனைக்கூடத்தவர் 40 முதல் 45 டிகிரி வரையிலான வெந்நீர்த் தொட்டியில் குறைந்த நேரம் வைப்பதை ஏற்றார். இத்தகைய இடத்தில் பெரும்பான்மையை எண்ணுவது பொருளற்றது. உரிமையாளர் ஒரே தேனை இந்த முறைகள் ஒவ்வொன்றிலும் இளக்கி, சூடே காட்டாத ஒரு புட்டியையும் சேர்த்து ஆய்வுக்கு அனுப்ப முடிவு செய்தார். நிபுணர்கள் ஒத்துப்போகாத இடம், பரிசோதனைக்குப் பணம் செலவிட வேண்டிய இடத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது. ஒத்துப்போகும் இடத்தில் அந்தச் செலவு பெரும்பாலும் மிச்சம்.

ஏற்றதும் மறுத்ததும்

கொள்முதலில்தான் முதல் மாற்றம் வந்தது. கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கப்பட்டது. அதன் கண்ணாடிப் பட்டகத்தில் ஒரு சொட்டுத் தேனை வைத்து, மூடித்தகட்டை அழுத்தி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு ஈரப்பதத்தைக் காட்டிவிடும். விற்பவர் கண்ணெதிரே அளந்து, அவரையும் பார்க்கச்சொல்லி, 20 விழுக்காட்டுக்குள் இருந்தால் கிலோவுக்குக் கூடுதல் விலையும், மேலே இருந்தால் ஈரம் நீக்கும் செலவைக் கழித்த விலையும் கொடுப்பது என்று வகுத்துக்கொண்டார்கள். விலைப்பேச்சில் இருந்த சச்சரவு இதனால் குறைந்தது. கருவி காட்டும் எண்ணோடு யாரும் வாதிடுவதில்லை.

வாய் அகன்ற புட்டிக்கு மாறினார்கள். புட்டி மொத்த வியாபாரி தம்மிடம் இருந்த விலையுயர்ந்த கண்ணாடிப் புட்டியைத்தான் பரிந்துரைத்திருந்தார். அவர் சொன்னதில் 'வாய் அகன்றது' என்ற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கூரியரில் உடையாத மலிவான வகையை வேறிடத்தில் வாங்கினார்கள். கருத்துச் சொல்பவருக்கு அதில் ஆதாயம் உண்டு என்பதால் கருத்தே பொய்யாகிவிடாது. எந்தப் பகுதியில் ஆதாயம் கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் போதும். லேபிளில், இது ரப்பர் தோட்டத் தேன், சில வாரங்களில் உறைவது இதன் இயல்பு, கரண்டியால் அப்படியே எடுத்து உண்ணலாம் என்ற வாசகம் முன்பக்கத்திலேயே இடம்பெற்றது.

மறுக்கப்பட்ட யோசனைகளில் முக்கியமானது தரப் பரிசோதகருடையது. உறைதலை மறைப்பதைவிட, வெளிநாடுகளில் செய்வதுபோல நுண்பரல் கொண்ட உறைதேனாகவே தயாரித்து விற்கலாம் என்று அவர் எழுதினார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் எல்டன் டைஸ் 1930களில் வகுத்த முறை அது. நுண்ணிய பரல் கொண்ட தேனைச் சிறிதளவு விதையாகக் கலந்து, சுமார் 14 டிகிரி குளிரில் வைத்து உறையவிட வேண்டும். அறிவியல்படி குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் இந்த மாவட்டத்தின் வெப்பத்தில் அந்தக் குளிரை நாள்கணக்கில் காக்க ஆகும் மின்செலவையும், உறைந்த தேனையே ஐயுறும் சந்தையையும் எண்ணிப் பார்த்து உரிமையாளர் அதை ஒத்திவைத்தார். கருத்துக் கேட்டுவிட்டால் அதன்படி நடந்தாக வேண்டும் என்ற கூச்சம் நம்மிடையே உண்டு. தொழிலின் கணக்கை அறிந்தவர் முதலீடு போட்டவர் மட்டுமே என்பதால், அந்தக் கூச்சத்துக்கு இங்கே இடமில்லை.

ஒன்பது பேரின் கருத்தும் சேர்ந்தாலும் அது சட்டப்படியான ஆய்வறிக்கைக்கு ஈடாகாது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்று தனியே பெறப்பட்டது.

விடுபட்டவர்கள்

புதிய விலைமுறை நடைமுறைக்கு வந்த பிறகுதான் குழுவின் குறை ஒன்று வெளிப்பட்டது. அழைக்கப்பட்ட தேனீ வளர்ப்போர் இருவரும் நிறையப் பெட்டிகள் வைத்திருப்பவர்கள். சொந்தமாகத் தேன் எடுக்கும் எந்திரம் உடையவர்கள். அறை மூடும்வரை காத்திருக்க அவர்களால் முடியும். வீட்டுத் தோட்டத்தில் ஐந்தாறு பெட்டிகள் மட்டும் வைத்திருப்போருக்கு எந்திரம் இரவலாக வருகிறது. அது வரும் நாளில் அடை முதிர்ந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் எடுத்தாக வேண்டும். மழை வார மூடா அடைத் தேன் பெரும்பாலும் இவர்களிடமிருந்துதான் வந்தது. அளந்து விலை குறைத்ததும் அவர்களில் சிலர் வேறு வியாபாரிக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். தேன் பருவம் தொடங்குமுன் அத்தகைய சிறு வளர்ப்போரை மட்டும் வைத்து, எந்திரம் எந்த நாள் யார் கைக்கு வரவேண்டும் என்ற ஒற்றைக் கேள்வியோடு அடுத்த சுற்றை நடத்தவும், வாடகைக்கு இன்னோர் எந்திரம் எடுப்பதா இல்லையா என்பதை அவர்கள் தரும் தேதிகளைப் பார்த்து முடிவு செய்யவும் அலகு ஏற்பாடு செய்து வருகிறது.